டிப்ளமோவா, பாங்க்வெட் டெஸ்க்கா? சென்னையில் மீட்டிங், ஈவென்ட் வேலை கற்க எந்த வாசல்

போன மாதம் அக்கா மகன் ஒரு வழவழப்பான புரோஷரோடு வீட்டுக்கு வந்தான். ஓராண்டு ஈவென்ட் மேனேஜ்மென்ட் டிப்ளமோ. அட்டையில் லேசர் வெளிச்சம், கையைத் தூக்கிய கூட்டம், காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண். பையன் பி.காம். முடித்துவிட்டான், மேலே படிக்க மனசில்லை. "மாமா, இதுல சேரட்டுமா, இல்ல நேரா ஒரு கம்பெனியில சேர்ந்துடட்டுமா?" என்றான். அக்கா பின்னாலிருந்து, "ஞாயித்துக்கிழமை லீவு இருக்குமான்னு முதல்ல கேளுடா" என்றாள்.

லீவு இருக்காது. அக்காவுக்கு அன்றே பதில் சொல்லியாயிற்று. பையனுக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவன் கேட்டது இரண்டு வாசல்களைப் பற்றி. எனக்குத் தெரிந்து சென்னையில் நாலைந்து இருக்கின்றன. இந்தத் தொழிலில் பதினேழு வருஷம் ஓட்டியபின், நானே வேறு வாசல் வழியாக வந்திருக்கலாமோ என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

முதலில் அந்த அட்டைப் படத்தை மறந்துவிட வேண்டும். சம்பளம் கொடுக்கும் வேலையில் பெரும்பகுதி லேசர் இல்லாதது: டீலர் மீட்டிங், டாக்டர்கள் மாநாடு, கம்பெனியின் வருடாந்தரக் கூட்டம், இரண்டு நாள் பயிற்சி முகாம். இவற்றை நடத்த என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒரு வரையறையே இருக்கிறது. ஈவென்ட்ஸ் இண்டஸ்ட்ரி கவுன்சில் என்ற அமைப்பு சி.எம்.பி. (சர்டிஃபைட் மீட்டிங் புரொஃபஷனல்) சான்றிதழுக்காக இந்தத் தொழிலை ஒன்பது துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: நோக்கத்தைத் திட்டமிடுவது, திட்ட மேலாண்மை, இடர் மேலாண்மை, பணம், ஆட்கள், சம்பந்தப்பட்ட தரப்புகளைக் கையாள்வது, நிகழ்ச்சி வடிவமைப்பு, இடத்தை நடத்துவது, சந்தைப்படுத்தல். பட்டியலைப் படித்தால் எம்.பி.ஏ. பாடத்திட்டம் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சென்னை விஷயம் கிடக்கிறது.

உதாரணத்துக்கு, தேதி குறிப்பது. மாநாட்டுக்குத் தேதி பார்க்கும்போது கையில் பஞ்சாங்கம் வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. ஆவணியில் வளர்பிறை முகூர்த்தம் விழுந்த வார இறுதியில் ஓட்டல் ஹாலுக்கு அலைந்தால், ஏற்கெனவே ரிசப்ஷனுக்குப் போயிருக்கும். கிடைத்தாலும் விலையில் ஒரு ரூபாய் இறங்காது. அதே ஹாலை ஆடியில் கேட்டுப் பாருங்கள், விற்பனை மேனேஜரே போன் செய்து காபி சாப்பிட வரச் சொல்வார். மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் சபா அரங்குகளெல்லாம் கச்சேரிக்குப் போய்விடும். தவிர, டிசம்பர் என்றால் மழை. 2015 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம், மூன்றும் அதே மாதம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை புல்வெளியில் நிகழ்ச்சி கேட்கிற வாடிக்கையாளரிடம், பக்கத்திலேயே ஒரு மூடிய ஹாலையும் பிடித்து வைக்கச் சொல்லும் தைரியம் வேண்டும். அதற்குப் பேர்தான் இடர் மேலாண்மை.

சரி, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது?

டிப்ளமோ

டிப்ளமோவைக் கேலி செய்வது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். நான் அதில் சேர மாட்டேன். ஒரு நல்ல வகுப்பு மூன்று விஷயங்களைத் தரும். ஒன்று, சொற்கள்: ரன் ஷீட் (எந்த நிமிஷம் என்ன நடக்கும் என்ற தாள்), லோட்-இன் (சாமான் இறக்கி ஏற்றுவது), ஷெல் ஸ்கீம் (கண்காட்சிக்கான ரெடிமேட் ஸ்டால் அமைப்பு) என்று யாராவது சொன்னால் முழிக்காமல் இருக்கலாம். இரண்டு, பட்ஜெட் ஷீட் போடும் ஒழுங்கு. மூன்றாவதுதான் முக்கியம், இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் ஒரு கதவு திறக்கும். குடும்பத்தில் யாருக்கும் இந்தத் தொழிலில் பழக்கம் இல்லாத, முன்பின் தெரியாதவரிடம் போய் வேலை கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தக் கதவுக்காக மட்டுமே பணம் கட்டலாம்.

கட்டுவதற்கு முன் நான் அவனைக் கேட்கச் சொன்ன கேள்விகள் வேறு. பாடம் எடுப்பவர் கடைசியாக எப்போது ஒரு நிகழ்ச்சியை நடத்தினார்? ஹால் ஒப்பந்தம் ஒன்றை முழுதாக வாசித்துக் காட்டுவார்களா? ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். வகுப்பு உண்டா? இந்தத் தொழிலில் நம் பில்லுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போடுகிறோம். வருகிற பணத்தில் ஒப்பந்த வேலையென்றால் 1 அல்லது 2 சதவீதமும், தொழில்முறைச் சேவையென்று எடுத்துக்கொண்டால் 10 சதவீதமும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். நம் லாபமே பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்குள் நிற்கும்போது, எந்தக் கணக்கில் பிடிக்கிறார்கள் என்பது அந்த மாதச் சம்பளம் போடமுடியுமா என்பதையே முடிவு செய்யும். பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. அவனுடைய பலம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புரோஷரில் பாதிப் பக்கம் கல்யாண அலங்காரமும் நட்சத்திர இரவும் இருந்தால், அது மீட்டிங் வேலைக்கான படிப்பு இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளையாக இருந்தால் யோசிக்காமல் தரமணி ஐ.எச்.எம். (ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி) நுழைவுத் தேர்வை எழுதச் சொல்லியிருப்பேன். ஓட்டல் படிப்புதான், ஆனால் சமையலறை, சர்வீஸ், அறைகள், கணக்கு என்று நாலு பக்கமும் தெரிந்து வெளியே வருவார்கள்.

ஈவென்ட் கம்பெனி

நான் வந்தது இந்த வழி. இதில் முதலில் கற்றுக்கொள்வது தூங்காமல் இருக்க. அடுத்ததாக மின்சாரம். ஹாலில் எத்தனை ஆம்ப்ஸ் த்ரீ-பேஸ் இருக்கிறது, நம் லைட்டும் எல்.இ.டி. வாலும் (மேடையின் பெரிய திரை) ஏ.சி.யும் சேர்ந்தால் தாங்குமா, ஜென்செட் எத்தனை கே.வி.ஏ., ஸ்டாண்ட்-பை ஒன்று வேண்டுமா. இவற்றைக் கேட்கத் தெரியாத பிளானரை லைட்காரர் ஐந்து நிமிஷத்தில் எடை போட்டுவிடுவார். பிறகு அவர் சொல்வதே விலை.

எல்.இ.டி. வால் விஷயத்தில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். மேடை அகலமாகத் தெரிய வேண்டும் என்று 24 அடிக்கு 8 அடி சொல்லிவிட்டேன். அதாவது மூன்றுக்கு ஒன்று. பேச்சாளர்கள் கொண்டுவந்ததோ வழக்கமான 16-க்கு 9 ஸ்லைடு. நடுவில் பதினான்கு அடிக்கு ஸ்லைடு, இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி கறுப்பு. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய கறுப்பு! அன்று இரவு டிசைனரை எழுப்பி இரண்டு பக்கத்துக்கும் பேனர் மாதிரி ஒரு பின்னணி செய்து ஒட்டினோம். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரலாம், ஐந்து நிமிஷப் பாடம். ஆனால் உடம்பில் ஏறியது அந்த இரவில்தான்.

இங்கே கிடைக்காதது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஈவென்ட் கம்பெனியில் இளையவர்களுக்கு ஒப்பந்தம் கண்ணில் படாது, வாடிக்கையாளரின் பணக் கணக்கு தெரியாது. நாலு வருஷம் ஓடி ஓடி வேலை பார்த்தும், இந்த மீட்டிங்கை எதற்காக நடத்துகிறார்கள் என்று கேட்காமலே இருந்துவிடலாம். நான் இருந்தேன். கால் டைமுக்கு, அதாவது வரச் சொன்ன நேரத்துக்கு, போவது, ஆள் பிடிப்பது, முடிந்ததும் லாரியில் ஏற்றுவது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் நேருக்கு நேராகக் கேட்டார்: "போன வருஷம் செஞ்ச மீட்டிங்கால எங்க டீலருங்க என்ன வாங்கினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது. அவருக்கு அடுத்த வருஷம் வேறு கம்பெனி வேலை செய்தது.

பாங்க்வெட் டெஸ்க்

என் வாதம் இதற்குத்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டலின் பாங்க்வெட்டில், அதாவது ஹாலையும் விருந்தையும் பார்க்கும் பிரிவில், விற்பனையிலோ செயல்பாட்டிலோ இரண்டு வருஷம் இருப்பதைப் போல மீட்டிங் தொழிலுக்கு அடித்தளம் போடும் வேலை வேறு எதுவும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஈவென்ட் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் யாரும் இதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஓட்டல் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

காரணம் எளிது. ஈவென்ட் கம்பெனியில் மாதம் நாலைந்து நிகழ்ச்சி பார்ப்பீர்கள். கிண்டியிலோ எம்.ஆர்.சி. நகரிலோ ஒரு பெரிய ஓட்டலின் பாங்க்வெட்டில் ஒரே நாளில் அத்தனையும் பார்ப்பீர்கள்: காலையில் வங்கி மீட்டிங், மதியம் ஒரு ப்ராடக்ட் லாஞ்ச், இரவு ரிசப்ஷன். ஒவ்வொன்றுக்கும் எஃப்.பி. எனப்படும் ஃபங்ஷன் ப்ராஸ்பெக்டஸ் ஒன்று எழுதப்படும். எத்தனை பேர், எந்த அமைப்பில் நாற்காலி, எத்தனை மணிக்கு டீ, எந்த மைக், யார் பில்லுக்குக் கையெழுத்து போடுவார் என்று எல்லாம் ஒரு தாளில். கிச்சன், ஹவுஸ்கீப்பிங், இன்ஜினீயரிங், செக்யூரிட்டி என எல்லா டிபார்ட்மென்டும் அந்தத் தாளை வைத்துத்தான் நகரும். இருநூறு எஃப்.பி. எழுதிய கைக்கு ரன் ஷீட் தானாக வரும்.

இன்னொன்று, ஹாலைக் கண்ணால் அளப்பது. புரோஷரில் "500 பேர்" என்று போட்டிருக்கும் 5,000 சதுர அடி ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் அமைப்பில், நாற்காலி மட்டும் போட்டால், ஒரு ஆளுக்குச் சுமார் பத்து சதுர அடி என்ற கணக்கில் வந்த எண் அது. 40-க்கு 16 அடி மேடை போட்டால் 640 சதுர அடி போயிற்று. எல்.இ.டி. வாலுக்குப் பின்னால் ஆள் நடக்க ஆறடி விட்டால் இன்னொரு 240. கன்சோல் (ஒலி, ஒளியை இயக்கும் மேஜை), நடைபாதை, கதவுக்கு முன் இடம் என்று கழித்தால் கையில் 4,000 கூட மிஞ்சாது. அதிலும் எழுத மேஜை வேண்டுமென்று கிளாஸ்ரூம் அமைப்பு கேட்டால் ஆளுக்குப் பதினெட்டு சதுர அடியாவது வேண்டும். ஆக, அந்த "500 பேர்" ஹாலில் நிஜமாக உட்கார்வது 220 பேர். பாங்க்வெட்டில் இருந்தவனுக்கு இந்தக் கணக்கு பேசிக்கொண்டிருக்கும்போதே ஓடும்.

பிறகு சாப்பாடு. ஓட்டல் ஒப்பந்தத்தில் மினிமம் கேரண்டி என்று ஒரு வரி இருக்கும். 300 பேருக்கு கேரண்டி கொடுத்து, தட்டு 1,800 ரூபாய் என்று வையுங்கள், வரியோடு 2,124. வந்தது 240 பேர் என்றால், சாப்பிடாத அறுபது தட்டுக்கு 1,27,440 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பணம் போவதைப் பார்த்தால்தான், பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் நிஜமாக வருவார்கள் என்று ஊகிக்கும் கலை பிடிபடும். இலவச அழைப்பா, கட்டணம் கட்டியவர்களா, வெளியூரா, உள்ளூரா, மழை நாளா, சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் கழிக்க வேண்டிய எண்ணிக்கை வேறு.

ஆனால் நான் பாங்க்வெட் கட்சியில் சேர்ந்தது இந்தக் கணக்குகளால் அல்ல. பல வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நட்சத்திர ஓட்டலில் டாக்டர்கள் கூட்டம். காலை 8.30-க்குப் பதிவு. ஹால் எங்களுக்குக் காலை 6 மணியிலிருந்து என்று ஒப்பந்தத்தில் இருந்தது, கையெழுத்து போட்டது நான்தான். மேடையும் வாலும் ஏற்ற ஐந்து மணி நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும், இரவே போய் ஏற்றிவிடலாம் என்ற நினைப்பு. முந்தைய இரவு அதே ஹாலில் ரிசப்ஷன் என்பது மட்டும் தெரியாது. நானும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. இரவு ஒரு மணிக்குப் போய் நின்றால், மாப்பிள்ளை வீட்டார் இன்னும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேடை முழுக்க ரோஜாவும் சாமந்தியும். வெளியே என் லாரி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இதைப் பிரித்து, எங்களுடையதை ஏற்றினால் காலை ஒன்பதரை ஆகும்.

அந்த ஓட்டலின் பாங்க்வெட் கேப்டன், ஐம்பது வயதிருக்கும், மேடையை ஒரு சுற்று சுற்றிவந்தார். "சார், பிளாட்ஃபார்மை எதுக்குப் பிரிக்கணும்? பூவை மட்டும் எடுக்கச் சொல்றேன். கறுப்புத் துணி போட்டு மூடுங்க, அதுவே உங்க மேடை" என்றார். அலங்காரக்காரரிடம் போய், பிளாட்ஃபார்ம் வாடகையில் பாதியை நாங்கள் தருவதாகப் பேசி முடித்ததும் அவர்தான். வாலை அதன் பின்னாலேயே ஏற்றினோம். ஏழே முக்காலுக்கு மைக் டெஸ்ட். துணிக்கு அடியில் ஒட்டியிருந்த சாமந்தி வாசனை மத்தியானம் வரை மேடையில் இருந்தது. ஒரு டாக்டர் நல்ல ரூம் ஃபிரெஷ்னர் என்று பாராட்டினார்.

அந்த கேப்டனுக்கு சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆனால் அதே ஹாலில் ஆயிரம் தடவை இரவைக் காலையாக மாற்றியவர். அன்றிலிருந்து ஹால் பார்க்கப் போனால் என் முதல் கேள்வி, "முந்தின ராத்திரி என்ன ஃபங்ஷன்?"

பாங்க்வெட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் இருப்பீர்கள். நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஒரு கண்காட்சி எப்படி ஏறி இறங்குகிறது, கலைவாணர் அரங்கில் அமைச்சர் வரும் விழாவுக்குப் போலீஸ் எப்படிச் சோதனை செய்கிறது என்பதெல்லாம் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தால் ஓட்டல்காரராகவே ஆகிவிடுவீர்கள். ப்ரமோஷனும் அந்தப் பக்கமே இழுக்கும். அது தப்பில்லை, ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல.

மாநாட்டு அமைப்பாளர்கள்

சென்னை டாக்டர்களின் ஊர் என்பதால் மருத்துவ மாநாடுகளை மட்டுமே நடத்திப் பிழைக்கும் அலுவலகங்கள் இங்கே உண்டு. பி.சி.ஓ. (ப்ரொஃபஷனல் கான்ஃபரன்ஸ் ஆர்கனைசர்) என்போம். பெரும்பாலும் சின்ன அலுவலகம், ஏழெட்டுப் பேர். மீட்டிங் தொழிலின் மூளைப் பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஒரு மாநாட்டின் வேலை பத்து, பன்னிரண்டு மாதம் முன்பே தொடங்கும். ஆய்வுச் சுருக்கங்களை வாங்கி, அறிவியல் குழுவிடம் அனுப்பி, மூன்று ஹாலில் இணையாக ஓடும் நிகழ்ச்சி நிரலில் ஒரே பேச்சாளர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வராமல் பார்க்க வேண்டும். மெடிக்கல் கவுன்சிலின் சி.எம்.இ. (டாக்டர்களின் தொடர்கல்வி) கிரெடிட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அது வராவிட்டால் பாதி டாக்டர்கள் வரமாட்டார்கள். வெளிநாட்டுப் பேச்சாளருக்கு டூரிஸ்ட் விசா போதாது, கான்ஃபரன்ஸ் விசாவுக்கான கடிதங்கள் நேரத்தில் போக வேண்டும். ஸ்டால் விற்க வேண்டும்: மூன்றுக்கு மூன்று மீட்டர், ஒன்பது சதுர மீட்டர் என்பது அடிப்படை அளவு. எந்த ஸ்டால் டீ வைக்கும் இடத்துக்குப் பக்கம் என்பதில்தான் விலை.

ஸ்பான்சர் பணத்தில் விதிகளும் வந்துவிட்டன. மருந்து நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2024 மார்ச்சில் கொண்டுவந்த சீரான நெறிமுறை, டாக்டர்களுக்குப் பரிசு கொடுப்பதையும், வெளிநாட்டில் வைத்து இத்தகைய கல்வி நிகழ்ச்சிகளை நடத்துவதையும் தடுக்கிறது. பேச்சாளராக இல்லாத டாக்டருக்கு விமான டிக்கெட்டும் அறையும் போடக்கூடாது. ஆகவே எந்தப் பணம் எதற்கு வந்தது என்று காகிதத்தில் காட்டத் தெரிந்த ஆள் பி.சி.ஓ.க்களுக்கு இன்றைக்குத் தேவை. மறுபடியும், பி.காம். பையன்!

மேடை மரியாதையும் இங்கே வேறு மாதிரி. டாக்டர்கள் மாநாடு பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கும். தொடக்கவிழாவை 9.30-க்கு வைத்தால் அது ராகு காலம், சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை. தலைமை விருந்தினர் நம்புகிறாரோ இல்லையோ, அமைப்புக் குழுவில் ஒருவராவது குத்துவிளக்குப் பக்கம் வரமாட்டார். 8.45-க்கு ஏற்றிவிட்டு, பேச்சுகளைப் பிறகு வையுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து தொடக்கத்தில், நாட்டுப்பண் முடிவில். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபின் வாழ்த்து 55 விநாடி, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அந்த ஆடியோ ஃபைல் கன்சோல் லேப்டாப்பில் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். யூடியூப்பிலிருந்து நேரடியாகப் போட்டு, முந்நூறு பேர் அசையாமல் நிற்கும்போது ஒரு பற்பசை விளம்பரம் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பி.சி.ஓ.வில் சிக்கல் என்னவென்றால், புதியவர்களை எடுப்பது குறைவு. எடுத்தாலும் முதல் வருஷம் முழுக்கப் பதிவுக் கணக்கும், "டாக்டர், உங்க ஸ்லைடு இன்னும் வரலை" என்று போன் செய்வதும்தான். எக்செல்லில் கையும், பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசும் வாயும் உள்ளவர்களுக்குச் சரிப்படும். பரபரப்பு தேடுபவர்கள் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள்.

சும்மா ஒரு வார்த்தை: இந்தச் சொற்களெல்லாம் வருவதற்கு முன்பே மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் கல்யாண காண்ட்ராக்டர்கள் இதே வேலையைச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். சமையல், மேளம், மாலை, தாம்பூலப் பை, சாஸ்திரிகள் வரைக்கும் ஒரே கை. ஓட்டல் தட்டை எண்ணுவதைப் போல அவர்கள் இலையை எண்ணுவார்கள். முதல் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று பார்த்துவிட்டு மூன்றாம் பந்திக்கு எவ்வளவு அரிசி களைய வேண்டும் என்று சொல்லும் தலைமைச் சமையல்காரரிடம் ஒரு முகூர்த்தம் நின்று பாருங்கள். தொழிலாக அதைக் கற்க இன்று வெளியாட்களுக்கு வழி குறைவு, குடும்பத்துக்குள்ளேயே போகிறது. அதனால்தான் இதை ஒரு வாசலாக எண்ணவில்லை.

சான்றிதழ் எப்போது?

சி.எம்.பி. 1985-லிருந்து இருக்கிறது. பையன் கூகுளில் பார்த்துவிட்டு, "இதையே நேரா எழுதிடலாமே மாமா" என்றான். முடியாது. மூன்று வருஷ முழுநேர அனுபவமும் 25 மணி நேரத் தொடர்கல்வியும் காட்ட வேண்டும். துறை சார்ந்த பட்டம் இருந்தால் இரண்டு வருஷம் போதும். மூன்றரை மணி நேரத்தில் 165 கேள்விகள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். செலவு டாலரில் பல நூறு.

அதைப் படிப்பதால் ஒப்பந்தம் வாசிக்கும் கண் கூர்மையாகிறது. பிடித்து வைத்த அறைகளில் எத்தனை சதவீதம் வரை அபராதமில்லாமல் குறைக்கலாம், இயற்கைச் சீற்றத்தால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, தேதி மட்டும் மாற்றித் தருவார்களா என்ற வரிகளை 2020 மார்ச்சுக்கு முன் இங்கே யார் படித்தார்கள்? அந்த மாதம் எல்லோரும் படித்தோம். ஆனால் பரீட்சையின் உதாரணங்கள் அமெரிக்கச் சூழலில் இருக்கும். போலீஸ் அனுமதி, தீயணைப்புத் துறை சான்று, இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதி, பாட்டுக்கு உரிமம், இவை எதுவும் அதில் வராது. பன்னாட்டு கம்பெனியின் மீட்டிங் பிரிவில் சேர நினைப்பவருக்கு அந்த மூன்றெழுத்து உதவும். உள்ளூர் வாடிக்கையாளர் யாரும் இதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஆக, நாலாவது வருஷத்தில் எழுதலாம்.

எடுத்த எடுப்பில் சொந்தமாக ஆரம்பிப்பதைப் பற்றியும் கேட்டான். அடுத்தவர் பணத்தில் தப்பு செய்யக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தப் பணத்துக்கு வா என்றேன்.

தன்னார்வலராகப் போவது மட்டும் எப்போதும் செய்யலாம். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தபோது, ரஷ்யாவிலிருந்து மாற்றி நமக்குக் கிடைத்ததற்கும் தொடக்கவிழாவுக்கும் இடையே இருந்தது நாலு மாதம்தான். ஓபன் பிரிவில் மட்டும் 188 அணிகள். விமான நிலையத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து ஆட்ட அரங்குக்கு அத்தனை பேரைத் தினமும் நகர்த்துவது என்ன என்பதை ஒரு பஸ் நிறுத்தத்தில் பலகை பிடித்து நின்றாலும் கற்கலாம். அடுத்து எது வந்தாலும் போய் நில் என்றேன்.

கடைசியில் அவனுக்கு நான் சொன்னது இதுதான். உனக்குக் கணக்கு வரும், கூட்டத்தைக் கண்டால் கொஞ்சம் கூச்சம். டிப்ளமோ பணத்தை அப்படியே வை. இரண்டு வருஷம் பாங்க்வெட், அடுத்து பி.சி.ஓ., பிறகு வேண்டுமானால் சான்றிதழ். உன் தங்கை மாதிரி வாயாடியாக, வயரைக் கண்டால் பிரித்துப் பார்க்கும் ஆளாக இருந்திருந்தால் ஈவென்ட் கம்பெனிக்கே அனுப்பியிருப்பேன்.

அக்காவுக்கு முழுத் திருப்தியில்லை. டிப்ளமோ என்றால் சுவரில் மாட்ட ஒன்று இருக்குமே என்கிறாள். பையன் ரெஸ்யூமேவை எடுத்துக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போகத் தயார். அவனிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். ஆடி முடிவதற்குள் போ. ஆவணி பிறந்துவிட்டால் எந்த பாங்க்வெட் மேனேஜருக்கும் உன்னோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. போகிறபோது மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் போ. மதியச் சாப்பாடு எடுத்து முடிந்து, இரவுக்கு நாற்காலி போடாத நேரம் அது ஒன்றுதான்.